தேயிலைத் தொழிற்சாலையில் சென்சார் வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முதல்முறை சென்சார் பொருத்தியபோது, ஈரப்பதம் அளக்கும் கருவியை மாடிப்படி ஓரச் சுவரில் மாட்டினேன். வயர் இழுக்க அதுதான் வசதி. கீழே டிரையர் ஓடுவதால் அந்த மூலை எப்போதும் கதகதப்பாக இருக்கும். ராத்திரி மூடுபனி ஜன்னலுக்கு வெளியே அப்பி நின்றது. போனிலோ காற்று காய்ந்திருப்பதாகக் காட்டியது. அதை நம்பி, பறித்த இலையை வாட்டும் ஃபேனை விடியவிடிய ஓட்டினோம். காலையில் பார்த்தால் இலை வாடவே இல்லை.

ஈரம் நிறைந்த காற்றால் இலையிலிருந்து ஈரத்தை இழுக்க முடியாது. அந்த நேரத்தில் சூடான காற்றைக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்டுதான் செலவாகும். கருவி இருக்க வேண்டிய இடம், ஃபேன் காற்றை உறிஞ்சும் வாய்.

அன்று இலை வாட்டும் அண்ணன் ஒரு பிடி இலையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விட்டுக் காட்டினார். நன்றாக வாடிய இலை உருண்டையாகவே நிற்கும். இது உடனே விரிந்துவிட்டது. "இதையும் உங்க மெஷின்ல எழுதிக்குங்க தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. ஷிஃப்டுக்கு ஒருமுறை அவர் கை சொல்வதையும் பதிந்து வைத்தால்தான் கருவி தடம் மாறும்போது தெரியும்.

அடுத்தது கணக்கு. "இந்த மாதம் அடுப்புக்கு விறகு குறைந்துவிட்டது" என்று தொழிற்சாலைக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்கள். இலை வரத்து குறைந்தால் விறகும் குறையத்தானே செய்யும்? ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு எவ்வளவு விறகு, எத்தனை யூனிட் கரண்டு என்று பாருங்கள். பசுந்தேயிலை எடையால் வகுக்காதீர்கள். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய 22 முதல் 25 கிலோ தூள் கிடைக்கும் என்றாலும், மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீரும் எடையில் ஏறிவிடும்.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். கூடலூர், பந்தலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழை. கோத்தகிரி, குன்னூருக்கு அக்டோபர், நவம்பர்தான் பெருமழைக் காலம். இரண்டு ஊர்த் தொழிற்சாலைகளையும் ஜூலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஈர இலைக்கு விறகு அதிகம் பிடிப்பதால் கூடலூர்க்காரர்கள் வீணாகத் திட்டு வாங்குவார்கள். அக்டோபரைப் போன வருட அக்டோபரோடு வையுங்கள்.

பள்ளத்தாக்கில் சிக்னல் அடிக்கடி போய்விடும். விடுபட்ட நேரத்தைச் சைபர் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள், செலவாகிய மின்சாரத்தையே சேமிப்பாகக் காட்டும். தகவலைக் கருவியிலேயே சேர்த்துவைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தோட்டத்தில் உறைபனிக்குக் கருவி வைப்பவர்களும் இடத்தைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த காற்று தாழ்வான இடத்துக்கு இறங்கும். மொட்டைமாடியில் 4 டிகிரி காட்டும்போதே பள்ளத்துச் செடிகள் வெளுத்திருக்கும்.

அப்புறம், எச்சரிக்கை யாருக்குப் போகிறது? ராத்திரி 2 மணிக்கு முதலாளி தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் இலை வாட்டும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்பு விளக்கு வைத்தோம். அது எரிந்ததும் அண்ணன் எழுந்துபோய்ச் சூடான காற்றைத் திறந்துவிடுகிறார்.