பழைய ராக் டீஷர்ட்டின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய ராக் டீஷர்ட் ஒன்று கையில் கிடைத்தால் கண் நேராக மார்பில் இருக்கும் படத்துக்குத்தான் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. சில வருடங்களுக்கு முன் ராமோன்ஸ் இசைக்குழுவின் கறுப்பு டீஷர்ட் ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். 1977இல் கச்சேரி நடந்த இடத்திலேயே வாங்கியது, அன்றிலிருந்து பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பல மாதம் கழித்து, துவைத்துக் காயப்போடும்போது கழுத்து லேபிள் கண்ணில் பட்டது. அமெரிக்கத் தயாரிப்பு என்று எழுதியிருந்தது. ஆனால் எப்படித் துவைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. சின்னச் சின்னப் படக்குறிகள் மட்டும் இருந்தன. அந்தக் குறிகளுக்கு என்ன அர்த்தம் என்பது இரண்டாவது படியில் வரும்.

புதிதாகச் சேகரிக்க ஆரம்பிப்பவர்கள் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். டீஷர்ட்டில் இருக்கும் அடையாளங்களில் எது மிகவும் புதியதோ, அதுதான் அதன் வயதைச் சொல்லும். படம் 1975ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். லேபிள் 1998 என்றால் டீஷர்ட்டும் 1998தான். அதனால் படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, துணியை உட்புறம் திருப்புங்கள்.

படி 1: தையலைப் பாருங்கள்

கையின் ஓரத்தையும் கீழ் மடிப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தை ஒட்டி ஒரே ஒரு தையல் வரி ஓடினால் அது ஒற்றைத் தையல். இரண்டு வரி இணையாக ஓடினால் இரட்டைத் தையல். அமெரிக்க டீஷர்ட்களில் தொண்ணூறுகளின் ஆரம்பம் வரை ஒற்றைத் தையல்தான் பெரும்பாலும் இருந்தது. 1990களின் நடுவில் இரட்டைத் தையல் பரவலாகிவிட்டது. ஆனால் இதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அதற்கு முன்பே இரட்டைத் தையல் போட்ட டீஷர்ட்கள் உண்டு. பழசு போலத் தெரியவேண்டும் என்றே இன்றைக்கும் ஒற்றைத் தையலில் தைத்து விற்கிறார்கள்.

படி 2: லேபிளைப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். மாட்டினால் கழுத்துக்குப் பின்னால் போய்விடும் இந்தச் சின்னத் துண்டில், அமெரிக்கச் சட்டம் மாறி வந்த வரலாறே இருக்கிறது. துணியைத் துவைக்கும் முறையை லேபிளில் எழுதவேண்டும் என்ற விதி 1972இல் நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டில் தயாரானது என்பதை உள்நாட்டுத் துணிகளிலும் போடவேண்டும் என்ற சட்டத் திருத்தம் 1984இல் வந்தது. வார்த்தைகளே இல்லாமல் படக்குறிகளை மட்டும் போட 1997 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது.

இப்போது என் டீஷர்ட்டுக்கு வருவோம். குறிகள் மட்டும் இருக்கும் அமெரிக்க லேபிள் என்றால் 1997க்கு முன் போகவே முடியாது. ராமோன்ஸ் கடைசிக் கச்சேரியை 1996 ஆகஸ்ட் 6 அன்றே முடித்துவிட்டார்கள். குழு கலைந்த பிறகு தைத்த துணியை, 1977இல் வாங்கியதாகச் சொல்லி எனக்கு விற்றிருக்கிறார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒரு விஷயம் கவனம்: ஐரோப்பாவில் இந்தக் குறிகள் வெகு காலமாகவே புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே முதலில் நாட்டைப் பாருங்கள், அப்புறம் குறியைப் பாருங்கள்.

துணியின் கலவையும் ஒரு தடயம். பாதி பருத்தி, பாதி பாலியஸ்டர் கலந்த மெல்லிய டீஷர்ட்கள் எண்பதுகளில் அதிகம். ஸ்கிரீன் ஸ்டார்ஸ் என்ற லேபிள் அதற்கு நல்ல உதாரணம். ஆர்.என். (RN) என்று ஆரம்பிக்கும் நிறுவனப் பதிவு எண் இருந்தால் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நிறுவனம் எது என்று தெரியும். தயாரித்த வருடம் தெரியாது. லேபிளை யாரோ வெட்டி எறிந்திருந்தால் மற்ற படிகளை இன்னும் கவனமாகச் செய்யுங்கள்.

படி 3: பிரிண்டைத் தொட்டுப் பாருங்கள்

பழைய பிளாஸ்டிசால் மை, அதாவது பிளாஸ்டிக் கலந்த அச்சு மை, துணியின் மேல் ஒரு தோல் மாதிரி படிந்திருக்கும். வருடக்கணக்கில் துவைத்ததில் அந்தத் தோல் வெடித்திருக்கும். படத்தின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுங்கள். நிஜமான வெடிப்பு விரிந்து, நடுவில் துணி தெரியும். வெடிப்பையும் சேர்த்தே அச்சடித்த புது டீஷர்ட்டில், இழுத்தாலும் அந்தக் கோடுகள் வாய் திறக்காது. பூதக்கண்ணாடியில் நுண்ணிய வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால், அது கணினியிலிருந்து நேராகத் துணியில் அடித்த இக்கால அச்சாக இருக்கலாம்.

படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் பதிப்புரிமை வருடம் இருக்கும். பலரும் சறுக்குவது இங்கேதான். அது ஓவியத்துக்கு உரிமை வாங்கிய வருடம், துணியில் அச்சடித்த வருடம் அல்ல.

படி 4: முதுகில் இருக்கும் தேதிகள்

டூர் டீஷர்ட், அதாவது ஊர் ஊராகப் போகும் கச்சேரிப் பயணத்துக்காக அச்சடித்தது என்றால் முதுகில் ஊர்களும் தேதிகளும் வரிசையாக இருக்கும். அந்தக் குழுவின் கச்சேரிப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒரு தேதி பொருந்தவில்லை என்றதும் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டீஷர்ட்டை டூர் கிளம்பும் முன்பே அச்சடித்துவிடுவார்கள். நடுவில் ரத்தான கச்சேரி பட்டியலில் அப்படியே நின்றுவிடும். லெட் செப்பலின் என்ற ராக் குழு 1977இல் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் ஐந்து வயது மகன் இறந்துபோனான். மீதிக் கச்சேரிகள் எல்லாம் ரத்தாயின. ஜூலை 24 அன்று ஓக்லாந்தில் வாசித்ததுதான் அமெரிக்காவில் அவர்களுடைய கடைசிக் கச்சேரி. அந்த டூரின் தேதிகளைப் பட்டியலில் பார்க்கும்போதெல்லாம் ஜூலை 24க்குக் கீழே கண் தானாக நின்றுவிடும்.

அரங்குக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் அனுமதி இல்லாமல் விற்ற டீஷர்ட்களும் உண்டு. மெல்லிய துணி, எழுத்துப்பிழை, பதிப்புரிமை வரி இருக்காது. அவற்றை ஒதுக்காதீர்கள். அதே இரவில் அதே கூட்டத்தில் விற்ற துணி அது. எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம்.

படி 5: இப்போது படம்

ராமோன்ஸின் வட்ட முத்திரையை வரைந்தவர் அர்துரோ வேகா. அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையை எடுத்து, கழுகின் காலில் இருந்த அம்புகளுக்குப் பதில் பேஸ்பால் மட்டையும், ஒலிவக் கிளைக்குப் பதில் ஆப்பிள் மரக் கிளையும் கொடுத்தார். கச்சேரிகளில் டீஷர்ட் விற்றதும் அவரே. வட்டத்தைச் சுற்றி உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கும். நம் விதியை இங்கேயும் போட்டுப் பாருங்கள். சி.ஜே. குழுவில் சேர்ந்தது 1989இல். அவர் பெயர் இருந்தால் அதற்கு முந்தையது இல்லை. டாமி 1978இல் டிரம்ஸ் வாசிப்பதை விட்டார். அதற்காக டாமி பெயர் இருந்தால் 1978க்கு முந்தையது என்று நினைத்துவிடாதீர்கள், அந்தப் பழைய வடிவத்தை இன்றும் அச்சடிக்கிறார்கள். என் டீஷர்ட்டிலும் டாமிதான் இருக்கிறார்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சின்னமான உதடும் நாக்கும் எல்லோருக்கும் தெரியும். 1970இல் ஜான் பாஷ் என்ற ஓவியக் கல்லூரி மாணவர் வரைந்தது. கூலி 50 பவுண்டு. குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவருக்கு மாதிரியாகக் காட்டியது நாக்கை நீட்டிய காளியின் படம். அந்த மூல ஓவியத்தை 2008இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கியது.

படி 6: துவைக்கும் முன்

கறுப்பு டீஷர்ட் என்றால் கீழ் மடிப்புக்கு அருகில் இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல பருத்தி நீண்டு கொடுக்கும். மக்கிய துணி காகிதம் மாதிரி சரக்கென்று கிழியும். அந்தக் காலத்துக் கறுப்புச் சாயம் பலவற்றில் கந்தகம் இருக்கும். நாளாக ஆக அது அமிலமாகி நூலை அரித்துவிடும். அப்படி மக்கியதைப் பழையபடி ஆக்க முடியாது, மடித்து வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, விற்பவரிடம் கேட்டுவிட்டு இழுத்துப் பாருங்கள்.

துணி உறுதியாக இருந்தால் உட்புறம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, நிழலில் படுக்கப்போட்டு உலர்த்துங்கள். பிரிண்ட் மேல் இஸ்திரி வேண்டாம். ஹேங்கரில் மாட்டினால் தோள் தொங்கிவிடும், மடித்தே வையுங்கள்.

படி 7: எழுதி வையுங்கள்

ஒவ்வொரு டீஷர்ட்டுக்கும் ஒரு சீட்டு. இடப்பக்கம் துணி சொல்வது: தையல், லேபிள், பிரிண்ட், தேதிகள். வலப்பக்கம் விற்றவர் சொன்னது. என் ராமோன்ஸ் சீட்டில் இடப்பக்கம் "1997 ஜூலைக்கு முந்தையது அல்ல" என்று இருக்கிறது. வலப்பக்கம் "1977" என்று இருக்கிறது, அதை நான் அடிக்கவில்லை.