ஆந்தை ‘ஹூ ஹூ’ என்று கத்தாது, டீச்சர்!

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசிக்கிறேன். மூன்று வயதிலிருந்து ஆறு வரை, பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். நான் செய்ததிலேயே பெரிய தவறு ஓர் ஆந்தைக் கதையில் நடந்தது.

ஆந்தை வரும் பக்கமெல்லாம் எல்லாரும் ‘ஹூ ஹூ’ என்று கூவ வேண்டும், கையைச் சிறகடிக்க வேண்டும். இதுதான் என் திட்டம். இரண்டாம் பக்கத்திலேயே ஐந்து வயதுப் பையன் ஒருவன், “ஆந்தை அப்படிக் கத்தாது, டீச்சர்” என்றான். “கதையில அப்படித்தான்டா” என்று சமாளித்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அப்படிக் கூவுகிற ஆந்தைகளும் உண்டு. ஆனால் அவன் பார்த்த ஆந்தை வேறு. செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் எலியைப் பிடிப்பதற்காகப் பெட்டி வைத்துக் கூகை என்ற ஆந்தைகளைத் தங்க வைப்பார்கள். ராத்திரியில் அது தொண்டை கிழியக் கத்தும். ‘ஆந்தை அலறும்’ என்று பள்ளியில் மரபுச்சொல் மனப்பாடம் செய்த எனக்கு அது உறைக்கவில்லை பாருங்கள்! புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, “எப்படிக் கத்தும்? காட்டு” என்று கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் கேட்டேன். அவன் அலறிய அலறலில் வெளியே நாய்கள் குரைத்தன. பிறகு ஒரு பிள்ளையும் இடத்தைவிட்டு எழவில்லை.

அடுத்த தவறு, கேள்வி கேட்கிறேன் என்று பரீட்சை வைப்பது. இது என்ன நிறம், எத்தனை எலி என்று பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் கதை செத்துவிடும். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். மூன்று இடத்தில் நிறுத்தினால் போதும். “எலி ஏன் அங்கே ஒளிஞ்சிருக்கு?” மாதிரி ஒரே பதில் இல்லாத கேள்வியாக இருக்கட்டும். கேட்டபின் மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள், நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். 1988-இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் செய்த ஆய்வில், பெற்றோர் இப்படித் திறந்த கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதையே நீட்டிச் சொல்லி வாசித்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றப் பிள்ளைகளைவிட முன்னேறியிருந்தது.

நீட்டிச் சொல்வதென்றால் திருத்துவது இல்லை. ஒரு குட்டிப் பெண் ஆந்தைப் படத்தைக் காட்டி “பூரோங் ஹந்து!” என்றாள். மலாயில் ஆந்தைக்கு அதுதான் பெயர். “தமிழ்ல சொல்லு” என்று அதட்டினால் அதோடு வாயை மூடிக்கொள்வாள். “ஆமாம், பூரோங் ஹந்து. பெரிய கண்ணு ஆந்தை” என்றால் அவளே “ஆந்தை” என்பாள்.

கைவேலையைக் கதைக்கு நடுவில் வைக்காதீர்கள். பசை டப்பாவைத் திறந்த பிறகு ஆந்தையை யார் பார்ப்பது? முடிந்தபின் ஒன்றே ஒன்று போதும்: பழுப்புக் காகிதப் பையில் கண் ஒட்டினால் ஆந்தை பொம்மை தயார். மூன்று வயதுக்காரருக்குக் கண்ணை முன்பே வெட்டி வைத்துவிடுங்கள்.

அப்புறம் மழை. நாலு மணிக்குத் தகரக் கூரையில் அடித்தால் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. கத்தி வாசித்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இப்போது மழைக்கென்று சொற்களே இல்லாத படப் புத்தகம் ஒன்று பையில் இருக்கிறது. பக்கத்தைத் திருப்புவேன், சைகையிலேயே கதை ஓடும். ஆந்தை வந்தால் மட்டும் மழையையும் மீறி அலறல் கேட்கும்.