டேம் திறந்து மூடுற ஆத்துல எவ்ளோ தண்ணி போவுதுன்னு அளக்குறது எப்படி

மழை வந்தா போதும், பூண்டி டேம்ல இத்தன கன அடி திறந்துட்டாங்கன்னு மணலி புதுநகர்ல எல்லார் போன்லயும் மெசேஜ் ஓடும், ஆனா நம்ம பாலத்துக்கு கீழ இப்ப எவ்ளோ போவுதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கொசஸ்தலையாத்துல இத நாமளே ஓரளவுக்கு அளக்கலாம், பெரிய மிஷின் எல்லாம் தேவையில்ல.

மொதல்ல இடம். நேரா ஓடுற, சுழல் இல்லாத, ஆகாயத்தாமரை அடைக்காத ஒரு 20 மீட்டர் பாருங்க. வல்லூர் அணைக்கட்டுக்கு கீழ வேணாம், அங்க எண்ணூர் முகத்துவாரத்துல இருந்து கடலோட ஏத்தவத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வந்து போவும், மட்டம் ஏறும் ஆனா தண்ணி அசையாம நிக்கும், சில நேரம் பின்னாடியே கூட போவும்.

தண்ணி கம்மியா இருக்கிற நாள்லயே அகலத்தையும் ஆழத்தையும் அளந்து வெச்சுக்கோங்க. கயிறு கட்டி குறைஞ்சது பத்து இடத்துல ஆழம் பாருங்க, நடுவுல மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. பாலத்து தூண்ல பெயிண்ட்ல ஸ்கேல் மாதிரி கோடு போட்டுட்டா அப்பால மட்டத்த மேல இருந்தே படிச்சுக்கலாம், ஏறின அளவ ஆழத்தோட கூட்டிக்கலாம்.

வேகத்துக்கு, மெதக்குற ஒண்ண தண்ணில போட்டு அந்த 20 மீட்டர் போக எத்தன செகண்ட் ஆவுதுன்னு பாக்கணும், அதுக்கு ஆரஞ்சு பழம் தான் பெஸ்ட். முக்காவாசி முங்கி மெதக்கும், அதனால காத்து தள்ளாது, கலரும் தூரத்துல தெரியும். (தெர்மாகோல் போட்டீங்கன்னா நீங்க அளக்குறது கடக்காத்து வேகம்.) கரையோரம், நடு, அந்தப்பக்கம்னு மாத்தி மாத்தி போட்டு சராசரி எடுங்க. மேல்மட்டம் வேகமா ஓடும், அடியில மெதுவா தான் ஓடும், அதனால வர்ற வேகத்த 0.85 ஆல பெருக்கணும். கரன்ட் மீட்டர் (மின்சார மீட்டர் இல்ல, தண்ணி ஓடுற வேகத்த அளக்குற கருவி) கெடைச்சா மேல இருந்து 0.6 பங்கு ஆழத்துல வெச்சு படிங்க, ஆழம் ஜாஸ்தின்னா 0.2லயும் 0.8லயும் வெச்சு ரெண்டோட சராசரி.

உதாரணத்துக்கு அகலம் 24 மீட்டர், சராசரி ஆழம் 0.8 மீட்டர், பழம் 20 மீட்டர் போக 25 செகண்ட். வேகம் 0.8, அத 0.85 ஆல பெருக்கினா 0.68. பரப்பு 19.2 சதுர மீட்டர். பெருக்கினா செகண்டுக்கு 13 கன மீட்டர் சொச்சம், அத 35.3 ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 460 கன அடி.

இதுவரைக்கும் எந்த ஆத்துக்கும் ஒண்ணு தான். டேம் இருக்கிற ஆத்துல சிக்கலே டைம் தான். பூண்டியில கரன்ட் எடுக்கல, ஷட்டர் மட்டும் தான், ஒரு தடவ திறந்தா மணிக்கணக்கா அப்படியே ஓடும். ஆனா நீலகிரியில குந்தா, பைக்காரா மாதிரி பவர்ஹவுஸ் இருக்கிற எடத்துல ஊருக்கு கரன்ட் எப்ப தேவையோ அப்ப தான் தண்ணி வரும், ஒரே நாள்ல ஆறு நெறையும் வத்தும். 4 மணி நேரம் டர்பைன் ஓடி 2,000 கன அடி, மிச்ச 20 மணி நேரம் 200 கன அடின்னு வெச்சுக்கோங்க. நாள் சராசரி 500. காலைல போய் அளந்தவரு 200ன்னு எழுதுவாரு, ராத்திரி போனவரு 2,000ன்னு எழுதுவாரு, ரெண்டு பேர் கணக்கும் சரி தான், ஆனா அந்த நாளுக்கு ரெண்டுமே ஒதவாது. அதனால 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ மட்டம் குறிக்கணும், முடிஞ்சா பிரஷர் சென்சார் (தண்ணி அழுத்தத்த வெச்சு மட்டத்த தானா குறிக்கிற கருவி) போட்டு விட்டுடணும், ஆளு ஒக்காந்து பாக்குறது நடக்காத காரியம்.

அளக்க ஆரம்பிக்கிறப்ப ஒரு தடவ, முடிக்கிறப்ப ஒரு தடவ ஸ்கேல படிங்க. நடுவுல நல்லா ஏறிடுச்சுன்னா அந்த அளவ தூக்கி போட்டுட்டு திரும்ப எடுங்க. இன்னொண்ணு, ஒரே மட்டம் தான்னாலும் தண்ணி ஏறிட்டு இருக்கும்போது எறங்குறப்பவ விட ஜாஸ்தி ஓடும், அதனால மட்டத்துக்கு பக்கத்துல ஏறுதா எறங்குதான்னும் எழுதணும்.

மேட்டூருக்கு கீழ போனா கத வேற. செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு வரிசையா கதவணை, ஒவ்வொண்ணுலயும் 30 மெகாவாட் கரன்ட் எடுக்குறாங்க. கீழ இருக்கிற கதவண தண்ணிய தேக்கி வெச்சிருக்கிறதால மட்டம் ஓட்டத்த காட்டாது, நம்ம எண்ணூர் கழிமுகத்துல கடல் பண்றத அங்க ஷட்டர் பண்ணுது. அங்கெல்லாம் வேகத்த நேரா அளந்தா தான் உண்டு. பவர்ஹவுஸுக்கு கீழ ஆத்துல காலே வெக்காதீங்க, வறண்டு கெடந்தாலும் தான், சைரன் கேட்டு நீங்க கரை ஏர்றதுக்குள்ள தண்ணி வந்துடும்.

நம்ம ஆத்துல அளந்த நம்பர் பூண்டி நம்பரோட ஒத்துப்போவலன்னா பதறாதீங்க. தாமரைப்பாக்கம் அணைக்கட்டுல சோழவரம் ஏரிக்கு திருப்பி விட்டா நம்மகிட்ட கொறையும். பூண்டிக்கு கீழ பேஞ்ச மழையும் சேந்துச்சுன்னா, திறந்தத விட ஜாஸ்தியாவே காட்டும்.