பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

திண்டுக்கல் பக்கம் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். பிரசவமான வீட்டுக்கு மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று போய்ப் பார்ப்பது என் வேலை. மூன்றாம் நாள் போனால் பெரும்பாலும் அழுகைதான்.

ஒரு வீடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கட்டிலைச் சுற்றி ஆறு பேர். பிள்ளை கை மாறிக்கொண்டே இருந்தது. பெற்றவளுக்கு உதடு வெடித்திருந்தது. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்தியிருந்தார்கள். “எனக்குப் பாலே இல்லையாம் அக்கா” என்றாள். யாரோ சொன்னதை அவளும் நம்பிவிட்டாள்.

ஆகவே, உள்ளே போனதும் முதலில் ஒரு செம்பு தண்ணீரை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அடங்காது. பிள்ளையைக் கேட்டுக் கை நீட்டாதீர்கள். அடுப்படியில் கிடக்கும் பாத்திரத்தைக் கேளுங்கள்.

“பால் போதவில்லை போலிருக்கிறதே” என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கரண்டிக் கணக்கில்தான் வரும். பிள்ளையின் வயிறும் அவ்வளவுதான். முதல் வாரம் எடை கொஞ்சம் குறைவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். சந்தேகமாக இருந்தால் ஈரத்துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்க வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

நானும் முதல் பத்து வருடம், “வலிக்காது, சும்மா கொடு” என்று எல்லோரிடமும் பொய் சொல்லிவந்தவள்தான். பொறுக்க முடியாதவர்கள் என்னிடம் சொல்லாமலே புட்டிக்கு மாறிவிட்டார்கள். பிறகு உள்ளதைச் சொல்லப் பழகினேன்: முதல் வாரம் பிள்ளை வாய் வைத்ததும் சுருக்கென்று இருக்கும். குடிக்கும் நேரம் முழுக்க வலித்தால் வாய் பொருந்தவில்லை. சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயோரம் விட்டு மெல்ல விடுவித்து, மறுபடி வைக்க வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் பதிந்திருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் புண்தான் மிஞ்சும்.

பூண்டு, கருவாடு, லேகியம் பற்றி நான் சண்டை போடுவதில்லை. இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பின்னும் 6 மாதம் உண்டு. அதைத்தான் எல்லா வீட்டிலும் மறக்கிறார்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை. ராத்திரி பிள்ளையை எடுத்துக் கொடுப்பதும், குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதும், துணி மாற்றுவதும் உங்களால் முடியும். “நான் என்ன செய்ய?” என்று அவளையே கேட்டால் அதுவும் அவளுக்கு ஒரு வேலை.

பெற்றவளுக்கு வரும் காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ, தூக்கமே வராவிட்டாலோ, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலும், கடும் தலைவலியோடு கண் மங்கினாலும், வலிப்பு வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு உதிரப்போக்கில் துர்நாற்றம் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். தீட்டு, நல்ல நேரம் எதுவும் பார்க்காதீர்கள்.

கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். கிளம்பும்போது கொல்லையில் வாளி நிறைய ஊறிக்கிடக்கும் துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் போங்கள்.