சதுரத்தில் பாதி, சமபக்க முக்கோணத்தில் பாதி: சிறப்புச் செங்கோண முக்கோணங்களில் விடுபட்ட பக்கத்தைக் காணும் முறை

செங்கோண முக்கோணம் ஒன்றில் இரண்டு பக்கங்களின் நீளம் தெரிந்தால், மூன்றாவதைப் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டு கண்டுவிடலாம். ஒரே ஒரு பக்கம் மட்டும் தரப்பட்டிருந்தால் அந்தத் தேற்றம் தனியே போதாது. ஆனால் முக்கோணத்தின் கோணங்கள் 45°, 45°, 90° என்றோ, 30°, 60°, 90° என்றோ அமைந்துவிட்டால், தெரிந்த அந்த ஒரு பக்கத்திலிருந்தே மற்ற இரண்டையும் பெற்றுவிடலாம். முக்கோணவியல் அட்டவணையும் தேவையில்லை. இந்த விகிதங்களைப் பலர் மனப்பாடம் செய்து வைத்திருந்து, கணக்கு முன்னால் வரும்போது √2 எங்கே, √3 எங்கே, 2 எங்கே என்று தடுமாறுகிறார்கள். விகிதம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஒருமுறை தன் கையால் வரைந்து பார்த்தவருக்கு அந்தத் தடுமாற்றம் வருவதில்லை. ஆகவே வாய்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, தாளும் பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் இரண்டு சொற்களை உறுதி செய்துகொள்வோம். செங்கோணத்திற்கு எதிரே உள்ள, மூன்றிலும் நீளமான பக்கம் கர்ணம். செங்கோணத்தை அமைக்கும் மற்ற இரண்டும் தாங்கு பக்கங்கள்.

படி 1: சதுரத்தைப் பாதியாக்குதல்

பக்கம் 1 அலகு உள்ள சதுரம் ஒன்றை வரைந்து, எதிரெதிர் முனைகளை இணைத்து ஒரு மூலைவிட்டம் வரையுங்கள். சதுரம் ஒன்றுபோல் இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. மூலைவிட்டம் 90° கோணத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதால், ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டு 45° கோணங்களும் ஒரு செங்கோணமும் உள்ளன. தாங்கு பக்கங்கள் சதுரத்தின் பக்கங்களே. எனவே அவை சமம். கர்ணத்தின் வர்க்கம் 1² + 1² = 2 என்பதால், கர்ணம் √2, அதாவது ஏறத்தாழ 1.414. ஆக விகிதம் 1 : 1 : √2.

கையில் ஏ4 தாள் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தத் தாளின் அளவு 210 மி.மீ. × 297 மி.மீ. மேல் விளிம்பு ஒரு பக்கவாட்டு விளிம்பின்மேல் சரியாகப் படியும்படி மூலையை மடியுங்கள். விழுகின்ற மடிப்புக்கோடு 210 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம். அதன் நீளம் 210√2, அதாவது 296.98 மி.மீ. இன்னொரு ஏ4 தாளின் நீண்ட விளிம்பை அந்த மடிப்பின்மேல் வைத்துப் பாருங்கள், இரண்டும் பொருந்தும். ஏ வரிசைத் தாள்களின் நீள அகலங்கள் √2 : 1 என்ற விகிதத்தில் வகுக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

இனிக் கணக்குக்கு வருவோம். தாங்கு பக்கம் 7 செ.மீ. என்றால், மற்றத் தாங்கு பக்கமும் 7 செ.மீ.; கர்ணம் 7√2, ஏறத்தாழ 9.90 செ.மீ. தாங்கு பக்கத்திலிருந்து கர்ணத்திற்குச் செல்ல √2 ஆல் பெருக்குகிறோம், அவ்வளவுதான். யேல் பல்கலைக்கழகச் சேகரிப்பில் உள்ள பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றிலும் இதே கணக்குதான் பொறிக்கப்பட்டிருக்கிறது. சதுரத்தின் பக்கம் 30 என்றும், மூலைவிட்டம், நம் தசம முறையில் சொன்னால், ஏறத்தாழ 42.426 என்றும் அதில் உள்ளது. அதே பலகையில் √2 இன் மதிப்பு ஐந்து தசம இடங்கள் வரை சரியாகக் காணப்படுகிறது. பிதாகரஸின் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பலகை அது.

எதிர்த்திசையில் செல்லும்போதுதான் கொஞ்சம் கவனம் வேண்டும். கர்ணம் 10 செ.மீ. தரப்பட்டு, தாங்கு பக்கம் கேட்கப்பட்டால், √2 ஆல் வகுக்க வேண்டும்: 10/√2. பகுதியில் வர்க்கமூலம் இருக்கக்கூடாது என்பதற்காகத் தொகுதியையும் பகுதியையும் √2 ஆல் பெருக்கினால் 10√2/2, அதாவது 5√2, ஏறத்தாழ 7.07 செ.மீ. கிடைக்கிறது. கர்ணத்தைப் பாதியாக்கி 5 என்று எழுதுவது இங்கே அடிக்கடி நிகழும் பிழை. இரண்டு தாங்கு பக்கங்களும் 5 ஆக இருந்தால், அவற்றின் கூட்டுத்தொகையே 10 ஆகிவிடும். முக்கோணம் என்று ஒன்று எழும்பவே எழும்பாது, கோடு மட்டுமே மிஞ்சும்.

படி 2: சமபக்க முக்கோணத்தைப் பாதியாக்குதல்

இப்போது பக்கம் 2 அலகு உள்ள சமபக்க முக்கோணம் ஒன்றை வரையுங்கள். 1 என்று எடுக்காமல் 2 என்று எடுப்பது, பாதியாக்கும்போது பின்னம் வராமல் இருப்பதற்காக மட்டுமே. உச்சியிலிருந்து அடிப்பக்கத்திற்கு ஒரு குத்துக்கோடு இறக்கினால், அது உச்சியின் 60° கோணத்தை இரண்டு 30° கோணங்களாகவும், அடிப்பக்கத்தை இரண்டு 1 அலகுத் துண்டுகளாகவும் பிரிக்கும். கிடைக்கின்ற பாதி முக்கோணத்தில் கர்ணம் 2; 30° கோணத்திற்கு எதிரே உள்ள பக்கம் 1; 60° கோணத்திற்கு எதிரே உள்ள குத்துயரத்தின் வர்க்கம் 2² − 1² = 3 என்பதால் அதன் நீளம் √3, ஏறத்தாழ 1.732. சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தினால் 1 : √3 : 2.

வடிவியல் பெட்டியில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களில் ஒன்று இந்த முக்கோணம்தான். அந்த மட்டத்தின் விளிம்பைத் தாளில் வரைந்து, பிறகு 60° கோணத்திற்கு எதிரே உள்ள விளிம்பை அச்சாக வைத்து மட்டத்தை மறுபக்கம் திருப்பி மீண்டும் வரைந்தால், முழுச் சமபக்க முக்கோணம் கண்முன் வந்துவிடும். கர்ணம் ஏன் சிறிய பக்கத்தின் இருமடங்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

இந்த முக்கோணத்தில் எந்தப் பக்கம் தரப்பட்டாலும், முதலில் சிறிய பக்கத்திற்குப் போய்விடுங்கள். அங்கிருந்து மற்றப் பக்கத்திற்கு வாருங்கள். நேராகக் குறுக்கு வழியில் தாவ முயல்வதால்தான் பிழைகளில் பெரும்பாலானவை நேர்கின்றன. சிறிய பக்கம் 6 செ.மீ. என்றால் வேலை எளிது: கர்ணம் 12 செ.மீ., மற்றது 6√3, ஏறத்தாழ 10.39 செ.மீ. கர்ணம் 18 செ.மீ. என்றால் அதில் பாதி 9 செ.மீ. சிறிய பக்கம், மற்றது 9√3, ஏறத்தாழ 15.59 செ.மீ.

60° கோணத்திற்கு எதிரே உள்ள பக்கம் தரப்படுவதே தொடக்க நிலையில் கடினமானது. அது 15 செ.மீ. என்று கொள்வோம். சிறிய பக்கத்தை √3 ஆல் பெருக்கியதால்தான் 15 வந்தது. எனவே சிறிய பக்கம் 15/√3. தொகுதியையும் பகுதியையும் √3 ஆல் பெருக்கினால் 15√3/3 = 5√3, ஏறத்தாழ 8.66 செ.மீ. கர்ணம் அதன் இருமடங்கான 10√3, ஏறத்தாழ 17.32 செ.மீ. சரிபார்க்கலாம்: 5√3 இன் வர்க்கம் 75, 15 இன் வர்க்கம் 225, கூட்டினால் 300, 10√3 இன் வர்க்கமும் 300. இங்கே 15 ஐ இரட்டித்துக் கர்ணம் 30 என்று எழுதிவிடுபவர்கள் பலர். இருமடங்கு என்ற உறவு கர்ணத்திற்கும் 30° கோணத்தின் எதிர்ப்பக்கத்திற்கும் இடையில் மட்டுமே உண்டு.

ஒரு முன்னெச்சரிக்கையும் சொல்ல வேண்டும். செங்கோணம் இருப்பதாலேயே ஒரு முக்கோணம் இந்த இரண்டு வகைகளில் ஒன்றாகிவிடாது. பலருக்கும் பழக்கமான 3, 4, 5 முக்கோணத்தின் மற்ற இரண்டு கோணங்கள் ஏறத்தாழ 36.87° மற்றும் 53.13°, அதில் √2, √3 எதற்கும் இடமில்லை. கணக்கில் 45°, 30°, 60° ஆகியவற்றில் ஒன்றாவது சொல்லப்பட்டிருக்கிறதா, அல்லது பக்கங்களிலிருந்து அதை உறுதியாகக் காட்ட முடிகிறதா என்று பார்த்த பிறகே விகிதத்தைத் தொடுங்கள்.

படி 3: இரண்டும் சேர்ந்து வரும் கணக்கு

முக்கோணம் கசட இல் ச இல் உள்ள கோணம் 45°, ட இல் உள்ள கோணம் 30°, கச இன் நீளம் 8 செ.மீ. அடிப்பக்கம் சட எவ்வளவு? இந்த முக்கோணத்தில் செங்கோணமே இல்லை. ஆனால் க இலிருந்து சட க்கு ஒரு குத்துக்கோடு இறக்கி, அது தொடும் புள்ளியைத் த என்று குறித்தால், இரண்டு செங்கோண முக்கோணங்கள் பிறக்கின்றன.

இடப்பக்கம் இருப்பது 45° முக்கோணம். அதன் கர்ணம் 8. எனவே கத, சத இரண்டும் 8/√2 = 4√2 செ.மீ. வலப்பக்கம் இருப்பது 30°, 60° முக்கோணம். இரண்டுக்கும் பொதுவான கத அங்கே 30° கோணத்திற்கு எதிரே இருப்பதால், அதுவே சிறிய பக்கம். ஆகவே தட = 4√2 × √3 = 4√6 செ.மீ., கட = 8√2 செ.மீ. அடிப்பக்கம் சட = 4√2 + 4√6. மதிப்பிட்டால் 5.66 செ.மீ., 9.80 செ.மீ. ஆகியவற்றின் கூட்டுத்தொகையாக ஏறத்தாழ 15.45 செ.மீ. வருகிறது, தனித்தனியே முழுமையாக்கிக் கூட்டினால் 15.46 என்று வருவதால், முழுமையாக்குவதைக் கடைசியில் ஒருமுறை மட்டும் செய்யுங்கள்.

இதை அளவுப்படி வரைந்தும் பாருங்கள். 8 செ.மீ. கோடு வரைந்து, ச இல் 45° கோணத்தையும், அடிக்கோட்டின் மறுமுனை இருக்க வேண்டிய திசையையும் மூலைமட்டத்தால் அமைத்து, க இல் 105° கோணத்தில் ஒரு கோடு இழுத்தால், அது அடிக்கோட்டை வெட்டும் இடம்தான் ட. ச இலிருந்து அதுவரை அளவுகோலை வைத்தால், பதினைந்தரை செ.மீ. குறிக்கு ஒரு நூலிழை இடப்புறமாக அந்தப் புள்ளி நிற்கும்.