தூங்கப் போற கதையை வாசிச்சே குழந்தைக்கு ராத்திரி பழக்கத்தை கத்துக் குடுக்கிறது எப்படி?

பல் தேய், உச்சா போ, படு, கண்ண மூடுன்னு ராத்திரி நாம சொல்ற ஒவ்வொண்ணும் குழந்தை காதுல உத்தரவாத்தான் விழும், உத்தரவுன்னு தெரிஞ்சாலே பதில் "மாட்டேன்"தான். அதே வேலைய கதையில ஒரு முயல்குட்டி செய்யாம சுத்திட்டு இருந்தா "அச்சச்சோ அது இன்னும் பல்லே தேய்க்கலையே"ன்னு குழந்தையே கவலைப்படும். ரெண்டுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு இது நல்லாவே ஒத்து வரும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்காக ஒவ்வொரு படியா சொல்றேன்.

முதல்ல வரிசை, அப்புறம்தான் கதை

கதைய தேடுறதுக்கு முன்னாடி உங்க வீட்டுல தூங்கப் போறதுக்கு முன்னாடி என்னென்ன நடக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அஞ்சு ஆறு வேலை போதும். பொம்மைய எடுத்து வைக்கிறது, பல் தேய்க்கிறது, உச்சா போறது, நைட் டிரஸ் மாத்துறது, கதை, லைட் ஆஃப். ஏற்கனவே ஓரளவு நடக்கிறத வச்சே வரிசை போடுங்க, நாம ஆசைப்படுற வரிசை ரெண்டு நாளைக்கு மேல தாங்காது.

நேரத்தை பின்னால இருந்து கணக்கு போடுங்க. அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொன்ன அளவு, 1-2 வயசுக்கு 11ல இருந்து 14 மணி நேரம், 3-5 வயசுக்கு 10ல இருந்து 13 மணி நேரம், பகல் தூக்கமும் இதுல சேர்த்திதான். காலைல 7 மணிக்கு எழுந்து மதியம் ஒரு மணி நேரம் தூங்குற குழந்தை ராத்திரி எட்டரைக்கு தூங்கிட்டா மொத்தம் பதினொன்றரை மணி நேரம் ஆச்சு. அப்போ எட்டு மணிக்கெல்லாம் பல் தேய்ப்பு ஆரம்பிச்சிருக்கணும், டிவியும் போனும் அதுக்கும் ரொம்ப முன்னாடியே ஆஃப் ஆயிருக்கணும், ஏன்னா வெளிச்சம் மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோன் சுரக்கிறத தள்ளிப் போடும், அது சுரக்கலன்னா நாம என்ன கதை வாசிச்சாலும் கண்ணு கொட்ட கொட்ட முழிச்சிட்டுதான் இருக்கும்.

வரிசை முக்கியம்னு சும்மா சொல்லல. 2009ல ஜோடி மிண்டெல்ங்கிற தூக்க ஆய்வாளரோட குழு 400க்கும் மேற்பட்ட அம்மாக்களையும் அவங்க மூணு வயசுக்குட்பட்ட குழந்தைங்களையும் வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. தினமும் ஒரே மாதிரி வரிசைய பின்பற்றின வீடுகள்ல ரெண்டே வாரத்துல குழந்தைங்க சீக்கிரம் தூங்க ஆரம்பிச்சாங்க, நடுராத்திரி எழுந்துக்கிறதும் குறைஞ்சுது.

கதைய தேர்ந்தெடுக்கிறது (கிடைக்கலன்னா எழுதிடுங்க)

கடையில வாங்குறதா இருந்தா நான் பாக்குறது மூணு விஷயம். பக்கத்துக்கு ரெண்டு மூணு வரிக்கு மேல இருக்கக் கூடாது, திரும்பத் திரும்ப வர்ற ஒரு வரி இருக்கணும், கதாபாத்திரம் வேலைய தானா செய்யணும். தூங்கலன்னா பூச்சாண்டி வரும்ங்கிற ரக கதை வேண்டவே வேண்டாம், அத கேட்டுட்டு இருட்டு ரூம்ல படுக்கச் சொன்னா எந்தக் குழந்தை படுக்கும் சொல்லுங்க.

நாமளே எழுதுறது இன்னும் சுலபம், உங்க வீட்டு வரிசை அப்படியே உள்ள வந்துடும். ஒரு மாதிரி இதோ:

"முயல்குட்டி மினு பொம்மையெல்லாம் கூடையில போட்டாச்சு. தூக்கம் வந்துச்சா? ம்ஹூம், இன்னும் வரல. அப்போ அடுத்து என்ன?

மினு பல் தேய்ச்சாச்சு. மேல தேய்ச்சாச்சு, கீழ தேய்ச்சாச்சு, புளிச்னு துப்பியாச்சு. தூக்கம் வந்துச்சா? ம்ஹூம், இன்னும் வரல. அப்போ அடுத்து என்ன?

மினு உச்சா போயாச்சு, கை கழுவியாச்சு. தூக்கம் வந்துச்சா? கொஞ்சூண்டு வந்துச்சு. அப்போ அடுத்து என்ன?

மினு நைட் டிரஸ் போட்டாச்சு. தலை உள்ள போச்சு, ஒரு காது வெளிய வந்துச்சு, இன்னொரு காது எங்க? இதோ வந்துடுச்சு! தூக்கம் வந்துச்சா? ஆ...வ். அப்போ அடுத்து என்ன?

மினு போர்வைக்குள்ள போயாச்சு. கதை கேட்டாச்சு. லைட் ஆஃப் பண்ணியாச்சு. தூக்கம் வந்துச்சா?

...மினு?"

அவ்ளோதான். இதுல "நல்ல பிள்ளைன்னா சீக்கிரம் தூங்கணும்"னு எங்கயும் சொல்லல பாருங்க. அந்த வரிய சேக்கணும்னு கை துறுதுறுங்கும், சேத்தீங்கன்னா கதை மறுபடியும் உத்தரவாயிடும். படம் வரையத் தெரியலன்னா கவலையே படாதீங்க, ரெண்டு காது போட்ட ஒரு உருண்டைய முயல்னு நம்புறதுல குழந்தைங்களுக்கு எந்தப் பிரச்சனையும் கிடையாது.

பகல்ல ஒரு வாசிப்பு, ராத்திரி வேற வாசிப்பு

நிறைய பேர் விட்டுடுற இடம் இது. புதுக் கதைய முதல் தடவையா ராத்திரி வாசிக்காதீங்க. களைச்சுப் போன குழந்தைக்கு புது விஷயம் ஏறாது, இல்லன்னா புதுக் கதைங்கிற குஷியில இருந்த தூக்கமும் போயிடும். முதல் சில தடவை பகல்லயோ சாயங்காலமோ வாசிங்க.

பகல் வாசிப்புல கேள்வி கேட்டுட்டே போங்க. க்ரோவர் ஒயிட்ஹர்ஸ்ட்னு ஒரு உளவியல் ஆய்வாளரோட குழு 1988ல வெளியிட்ட முறை இது, பெரியவங்க வாசிக்க குழந்தை சும்மா கேக்குறதுக்கு பதிலா குழந்தைய கதை சொல்ல வைக்கிறது. நீங்க கேக்கணும், அது சொல்றத இன்னும் ரெண்டு வார்த்தை சேத்து நீட்டி திருப்பிச் சொல்லணும். இப்படிப் போகும்:

"மினு கையில என்ன வச்சிருக்கு செல்லம்?"
"பிரஸ்."
"ஆமா, குட்டி பிரஸ். அத வச்சு என்ன பண்ணப் போகுது?"
"தேக்கும்."
"பல்ல தேய்க்கும். எங்க, நீ மினு மாதிரி தேய்ச்சுக் காட்டு பாப்போம்?"

"தேக்கும்"னு சொன்னத தப்புன்னு திருத்தல, சரியா எப்படி சொல்றதுன்னு நாம சொல்லிட்டு அடுத்ததுக்கு போயிட்டோம். ஆமா இல்லைன்னு பதில் வர்ற கேள்விய கம்மி பண்ணிட்டு என்ன, எங்க, ஏன்னு கேளுங்க. முடிஞ்சதும் ஒரு பொம்மைய குடுத்து அதத் தூங்க வைக்கச் சொல்லுங்க, வரிசை எவ்ளோ மண்டையில ஏறியிருக்குன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

ராத்திரி வாசிப்புல இதெல்லாம் கிடையாது. கேள்வி இல்ல, நடிப்பு இல்ல. மெல்லிசா ஒரு லைட், குழந்தை பக்கத்துல படுத்திருக்கணும், முதல் பக்கத்துல சாதாரணமா ஆரம்பிக்கிற குரல் பக்கம் போகப் போக இறங்கணும், கடைசி "மினு?" கிட்டத்தட்ட மூச்சு மாதிரி வரணும். ஒவ்வொரு "அடுத்து என்ன?"வுக்கும் அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விடுங்க, குழந்தை சொன்னா சொல்லட்டும், சொல்லலன்னா நீங்களே பக்கத்த திருப்பிடுங்க.

அந்த வரிய வீட்டுக்குள்ள கொண்டு வாங்க

ரெண்டு மூணு நாள்ல "பல் தேய்க்க வா"ன்னு கூப்பிடுறத நிறுத்திட்டு, பொம்மை கூடைய மூடினதும் "மினு அடுத்து என்ன பண்ணுச்சு?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் குழந்தைகிட்ட இருந்து வரும், வந்த கையோட பாத்ரூமுக்கு நடந்துடலாம். வரிசைய படமா வரைஞ்சு சுவத்துல ஒட்டினா இன்னும் நல்லது, முடிச்ச வேலை மேல கிளிப் மாட்டுற பொறுப்ப குழந்தைக்கே குடுத்துடுங்க. (பேஸ்ட் அளவு தெரியாதவங்களுக்கு: ஃப்ளூரைடு பேஸ்ட்னா மூணு வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு, 3-6 வயசுக்கு ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்துல பிரஸ் முழுக்க பிதுக்கிக் காட்டுறது சும்மா.)

"மறுபடியும் அதே கதை"

உங்களுக்கு சலிச்சுப் போகும், குழந்தைக்கு சலிக்காது. 2011ல ஜெசிகா ஹோர்ஸ்ட் குழு மூணு வயசு குழந்தைங்கள வச்சு செஞ்ச ஆய்வுல, வேற வேற கதை கேட்டவங்கள விட அதே கதைய திரும்பத் திரும்ப கேட்டவங்கதான் புது வார்த்தைய நல்லா கத்துக்கிட்டாங்க. அதனால வாரா வாரம் கதைய மாத்தாதீங்க. ஆனா ஒரே ராத்திரியில "இன்னொரு தடவை, இன்னொரு தடவை"ன்னு கேட்டா அது வேற கணக்கு. ரெண்டு தடவைன்னு புஸ்தகத்தை தொடுறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு அதோட நிறுத்திடுங்க.

லைட் ஆஃப் பண்ணதும் தண்ணி, மறுபடி உச்சா, ஒரு கட்டிப்பிடின்னு வரிசையா வரும். தண்ணியையும் உச்சாவையும் கதைக்குள்ளயே சேத்துடுங்க. மூணு வயசுக்கு மேலன்னா ஒரு சீட்டு முறையும் இருக்கு. படுக்கும்போது ஒரு அட்டைய கையில குடுத்துடணும், அத காட்டி ஒரே ஒரு தடவை வெளிய வரலாம், வந்து கேட்டத வாங்கிட்டு அட்டைய குடுத்துட்டு போயிடணும். பேட்ரிக் ஃப்ரைமன் குழு 1999ல ரெண்டு பசங்ககிட்ட இத செஞ்சு பாத்து எழுதினாங்க. ரெண்டே பசங்கன்னாலும் எனக்கு இது பிடிச்ச முறை, ஏன்னா அட்டை கையில இருக்குங்கிற தைரியத்துலயே அத செலவு பண்ணாம தூங்கிடுற பிள்ளைங்க உண்டு.

தாத்தா பாட்டியோ வேற யாராவதோ தூங்க வைக்கிற நாள்ல புஸ்தகத்தையும் கூடவே அனுப்பிடுங்க, வரிசை அதுலயே இருக்கிறதால தனியா எதுவும் சொல்லிக் குடுக்க வேண்டாம். இதெல்லாம் சரியா நடந்தும் குழந்தை தினமும் சத்தமா குறட்டை விடுது, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா கதைய மாத்திப் பாத்துட்டு இருக்காம குழந்தை டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.