பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள்: ‘கோஸ்ட் இன் த ஷெல்’ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்குப் போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அக்கா மகன் வந்தான். ஒயிட்ஃபீல்டில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. பையிலிருந்து மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தான். மூன்றும் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) படைப்பு. ஒன்று, அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் வாங்கிவந்த ப்ளூரே. இன்னொன்று, இணையத்தில் யாரோ விற்ற பழைய டிவிடி. மூன்றாவது, நகரத்துச் சந்தை ஒன்றில் கிடைத்த “முழுத் தொகுப்பு”. “மாமா, எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?” என்று ஆசையோடு கேட்டான்.

அட்டைகளைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். முதலாவது எங்கள் வீட்டுக் கருவியில் ஓடாது. இரண்டாவது அவன் நினைத்துக்கொண்டிருந்த தொடர் இல்லை, அதன் சுருக்கம். மூன்றாவது திருட்டுப் பதிப்பு. அவன் முகத்தைப் பார்க்க வருத்தமாக இருந்தது. இதே தவறுகளை வெவ்வேறு ஆண்டுகளில் நானும் செய்து பணத்தை இழந்திருக்கிறேன். சயன்ஸ் சாரு ஸ்டுடியோவின் புதிய தொடர் 2024இல் அறிவிக்கப்பட்ட பிறகு, பழைய படைப்புகளை எங்கே, எப்படி வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பணம் போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு நல்ல படைப்பை அதன் சரியான வடிவில் முதன்முறையாகப் பார்க்கும் வாய்ப்பு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். தவறான பதிப்பில் தொடங்கிவிட்டு “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று ஒதுங்கிப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே நீண்ட கதையாக நினைப்பதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. மசமுனே ஷிரோவின் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) 1989இல் தொடங்கியது. அதை அடிப்படையாக வைத்து மமோரு ஒஷீ 1995இல் எடுத்த திரைப்படமும், 2004இல் வந்த ‘இன்னொசென்ஸ்’ படமும் ஒரு வம்சம். கென்ஜி கமியாமா இயக்கிய ‘ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்’ தொடர் (2002), அதன் இரண்டாம் பருவமான ‘செகண்ட் கிக்’ (2004), ‘சாலிட் ஸ்டேட் சொசைட்டி’ (2006), நெட்ஃப்ளிக்ஸில் 2020இல் வந்த முப்பரிமாணக் கணினி வரைகலைத் தொடர் ஆகியவை இன்னொரு வம்சம். 2013இல் தொடங்கிய ‘அரைஸ்’ மூன்றாவது. இவை ஒன்றன் தொடர்ச்சியாக மற்றொன்று வருவதில்லை. 1995 படத்தின் முடிவில் செயற்கை உடலில் வாழும் நாயகி மேஜர் மோடோகோ குசனாகிக்கு நேர்வது ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸில் நடக்கவே இல்லை. வெளியான ஆண்டு வரிசைப்படி பார்த்துக்கொண்டு போகிறவர், தொடரின் முதல் அத்தியாயத்திலேயே “இவர் எப்போது திரும்பி வந்தார்?” என்று குழம்பிப்போகிறார்.

இந்தக் குழப்பத்துக்குக் குரலும் ஒரு காரணம். ஒஷீயின் படங்களிலும் கமியாமாவின் தொடரிலும் மேஜருக்குக் குரல் கொடுத்தவர் ஒருவரே: 2024 ஆகஸ்டில் மறைந்த அட்சுகோ தனகா. கேட்டதும் தெரிந்துகொள்ளக்கூடிய, உறுதியும் களைப்பும் கலந்த குரல். ‘அரைஸ்’ மேஜருக்குப் பேசிய மாயா சகமோட்டோ, 1995 படத்தின் இறுதியில் சிறுமி உடலில் இருக்கும் மேஜருக்கும் பேசியிருக்கிறார். நம்மிடம் கூடுவிட்டுக் கூடு பாய்வது என்று ஒரு சொல் வழக்கு இருக்கிறதே, இந்தப் படைப்பின் பெயரை விளங்கிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியாது. ‘ஷெல்’ என்பது கூடு. ‘கோஸ்ட்’ என்பது பேயைக் குறிக்கவில்லை, கூட்டுக்குள் இருந்து “நான்” என்று சொல்லிக்கொள்ளும் உயிரைக் குறிக்கிறது.

என் பரிந்துரை எளியது. முதலில் 1995 படம். ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸின் 26 அத்தியாயங்கள், அதன்பின் ‘செகண்ட் கிக்’. ‘இன்னொசென்ஸ்’ படத்தை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம் என்பதால் பலர் அதில் தொடங்குகிறார்கள். மேஜர் இல்லாத வெறுமையைச் சுமக்கும் அவருடைய சகா பேட்டோவின் கதை அது. மேஜரை இழப்பது என்றால் என்னவென்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் நெஞ்சைத் தொடும். ‘அரைஸ்’ கடைசியாக இருக்கட்டும். 2017இல் ஹாலிவுட்டில் நடிகர்களை வைத்து எடுத்த படத்துக்காகத் தனியே செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

இனி நான் இன்றும் வருந்தும் தவறுக்கு வருகிறேன். 1995 படத்துக்கு ‘2.0’ என்று ஒரு மறுபதிப்பு உண்டு, 2008இல் வந்தது. எண்ணைப் பார்த்து இரண்டாம் பாகம் என்று நினைப்பவர்கள் உண்டு. மேம்படுத்தப்பட்ட பதிப்பு என்று நினைத்து வாங்குபவர்கள் அதைவிட அதிகம். நான் இரண்டாம் வகை. அதில் சில காட்சிகளை, குறிப்பாக மேஜர் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கும் தொடக்கத்தை, கணினி வரைகலையில் புதிதாகச் செய்திருக்கிறார்கள். கையால் வரைந்த உருவத்துக்கும் கணினி உருவத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் குத்துகிறது. பழைய படத்தின் பச்சைத் திரைகள் அம்பர் நிறத்துக்கு மாறிவிட்டன.

இவற்றைவிடப் பெரிய மாற்றம், எல்லாரையும் ஆட்டுவிக்கும் ‘பப்பெட் மாஸ்டர்’ என்ற பாத்திரத்தின் குரல். மூலப் படத்தில் சிதைந்த பெண்ணுடலிலிருந்து ஓர் ஆணின் குரல் அமைதியாகப் பேசும். அந்தப் பொருந்தாமைதான் காட்சியின் உயிர். உடலுக்கும் உள்ளிருப்பவருக்கும் தொடர்பில்லை என்பதை ஒரு வசனமும் இல்லாமல் அது சொல்லிவிடுகிறது. 2.0இல் அங்கே பெண் குரலை வைத்திருக்கிறார்கள். உடலும் குரலும் பொருந்திப்போகின்றன, காட்சி சாதாரணமாகிவிடுகிறது. நான் முதன்முதலாக ஒரு நண்பருக்குப் போட்டுக் காட்டியது இந்தப் பதிப்பைத்தான். அவர் பாதியில் எழுந்து போனார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2.0 ஒலியமைப்பில் சிறந்தது, ரசிகர்கள் இரண்டாவது முறையாகப் பார்க்கலாம். முதல் முறை பார்ப்பதற்கு அது வேண்டாம். அட்டையில் ஆண்டையும் ‘2.0’ என்ற எண்ணையும் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அக்கா மகன் வாங்கிய டிவிடி வேறு வகை. ‘தி லாஃபிங் மேன்’ என்று அட்டையில் இருந்தது. ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸின் முதல் பருவத்தில், சிரிக்கும் மனிதன் என்ற கணினி ஊடுருவியைத் துரத்தும் இழையை மட்டும் பிரித்தெடுத்துச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரமாகச் சுருக்கிய தொகுப்பு அது. நேரமில்லாதவர்களுக்கு வசதி என்று தோன்றும். ஆனால் தொடரின் பெயரிலேயே இரண்டு வகை அத்தியாயங்கள் இருக்கின்றன: தனித்து நிற்பவை, பின்னிப்பிணைந்தவை. சுருக்கத்தில் அடிபடுவது தனித்து நிற்பவை.

12ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சிகோமா என்ற நீல நிறச் சிலந்தி வடிவப் போர் இயந்திரம் ஒன்று அனுமதியில்லாமல் நகரத்துக்குள் கிளம்பிவிடுகிறது. காணாமற்போன தன் நாயைத் தேடும் ஒரு சிறுமியைச் சந்திக்கிறது. இருவரும் சேர்ந்து தேடுகிறார்கள். இறப்பு என்றால் என்னவென்று அந்த இயந்திரம் அன்று யோசிக்கத் தொடங்குகிறது. வழக்கு விசாரணைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் பருவத்தின் இறுதியில் பேட்டோவைக் காப்பாற்றத் தச்சிகோமாக்கள் செய்யும் செயல் நம்மை உலுக்குவதற்கு, இப்படி அவற்றோடு நாம் பழகிய பொழுதுகள்தான் காரணம். அவற்றை விட்டுவிட்டு முடிவை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே உடைவது வெறும் இயந்திரம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அத்தியாயங்களின் இறுதியில், பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்ததும் தச்சிகோமாக்களின் சிறு கூத்து ஒன்று வரும். பெயர்ப்பட்டியல் தொடங்கியதும் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுகிறவர்கள் அதை இழக்கிறார்கள்.

அடுத்தது வட்டுகளின் மண்டலப் பூட்டு. ப்ளூரே உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறது. அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் சி. இங்கே விற்கும் கருவியில் ஏ மண்டலப் பூட்டுள்ள வட்டைப் போட்டால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். பூட்டில்லாத வட்டுகளும் உண்டு. அட்டையின் பின்புறம் சிறிய அறுகோணத்துக்குள் எழுத்து அச்சிட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். டிவிடியில் பிரிவு வேறு: அமெரிக்கா 1, ஜப்பானும் ஐரோப்பாவும் 2, இந்தியா 5. மடிக்கணினியில் டிவிடி பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டும், அதன் இயக்கியில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை எதை வைத்தீர்களோ அதிலேயே நின்றுவிடும்.

ப்ளூரேயைவிட நுணுக்கமான படம் தரும் 4கே யூஹெச்டி வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. 1995 படம் அமெரிக்காவில் 2020இல் அந்த வடிவில் வெளிவந்தது. வெளிநாட்டிலிருந்து ஒன்றே ஒன்றை வரவழைக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் அதே பெட்டியில் கூடவே வரும் ப்ளூரே வட்டுக்குப் பூட்டு இருக்கலாம். வட்டு இயக்கி இல்லாத ப்ளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பையோ, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸையோ வைத்துக்கொண்டு வட்டு வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. ப்ளேஸ்டேஷன் 4 ப்ரோ 4கே படம் காட்டும் என்றாலும் யூஹெச்டி வட்டைப் படிக்காது. விலையைக் கணக்கிடும்போது சுங்க வரியையும் கூரியர் நிறுவனம் வசூலிக்கும் கையாளும் கட்டணத்தையும் மறக்காதீர்கள்; வாசலில் வந்து நிற்பவரிடம் அந்தத் தொகையைக் கொடுத்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.

4கே என்று எழுதியிருந்தால் எல்லாமே கூர்மையாக இருக்கும் என்று நம்புவதும் தவறு. 1995 படம் 35 மி.மீ. படச்சுருளில் பதிவானது. சுருளை மீண்டும் நுணுக்கமாக ஒளிவருடினால் முன்பு டிவிடியில் தெரியாத கோடுகளும் படச்சுருளின் மணல் போன்ற துகள்களும் வெளிவரும். அந்தத் துகள்களைக் குறை என்று நினைக்க வேண்டாம். 2000க்குப் பிந்தைய தொடர்கள் கணினியிலேயே வண்ணம் தீட்டி முடிக்கப்பட்டவை. அன்று எந்த அளவில் முடித்தார்களோ அதற்கு மேல் எடுப்பதற்கு அடியில் படச்சுருள் இல்லை. பெரிதாக்கிக் காட்டுவதுதான் வழி. ஆகவே தொடருக்கு நல்ல டிவிடி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் மறுபடியும் செலவு செய்யும் முன் யோசியுங்கள்.

சந்தையில் வாங்கிய பெட்டிக்கு வருகிறேன். இரண்டு பருவங்களும் திரைப்படங்களும் சேர்ந்து ஆறே வட்டுகள், அட்டையில் “எல்லா மண்டலங்களுக்கும்” என்ற வரி. வெவ்வேறு நிறுவனங்கள் உரிமம் வைத்திருக்கும் படைப்புகள் ஒரே பெட்டியில் இவ்வளவு மலிவாக வருவதே முதல் அறிகுறி. இரண்டாவது அறிகுறியைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் முதல் பருவத்தின் 26 அத்தியாயங்களும் முதலில் ஏழு டிவிடிகளாக வந்தன, ஒன்றில் நான்குக்கு மேல் கிடையாது. இந்தப் பெட்டியிலோ ஒரு வட்டில் பதின்மூன்று. ஐந்தரை மணி நேரத்தை 4.7 ஜிபிக்குள் அடைத்தால் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும், இந்தப் படைப்பிலோ பாதிக் காட்சிகள் இரவில்தான். சப்டைட்டில் இன்னும் மோசம். மேஜரும் பேட்டோவும் வேலை பார்க்கும் ஒன்பதாம் பிரிவு என்ற பாதுகாப்புப் படையின் தலைவர் அரமகியின் பெயர் ஒரே அத்தியாயத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. அரசியல் சதியை வசனத்தால் விளக்கும் தொடரில் இப்படி இருந்தால் கதையே கைநழுவிவிடும்.

முறையான வெளியீடுகளிலும் சப்டைட்டிலைச் சோதிப்பது நல்லது. அமெரிக்காவில் ‘இன்னொசென்ஸ்’ முதன்முதலில் டிவிடியாக வந்தபோது, காது கேளாதோருக்கான குறிப்புகளையே ஆங்கில சப்டைட்டிலாக வைத்திருந்தார்கள். வசனத்துக்கு நடுவே காலடி ஓசை, ஹெலிகாப்டர் ஓசை என்றெல்லாம் எழுத்து வந்துகொண்டே இருந்தது. பழைய பிரதி வாங்குபவர்கள் இதை விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 1995 படத்தின் பழைய ஆங்கில டப்பிங்கில் இறுதிப் பெயர்ப்பட்டியலுக்கு வேறு பாடலைச் சேர்த்திருந்தார்கள். கென்ஜி கவாயின் இசையோடு படம் அடங்க வேண்டும் என்றால் ஜப்பானிய ஒலித்தடத்தில் பாருங்கள்.

கடைசியாக, டிவியில் அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கையால் வரைந்த அனிமேயில் ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு அல்லது எட்டுப் படங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். இடையில் இல்லாத படங்களை டிவி தானே இட்டு நிரப்பினால் கோடுகள் குழைந்துபோகும்.

அன்று என்னிடமிருந்த 1995 படத்தை அவனுக்குப் போட்டேன். நடுவே ஓரிடத்தில் மூன்று நிமிடங்களுக்கு மேல் ஒரு வசனமும் கிடையாது. ஹாங்காங்கைப் பார்த்து வரைந்த நகரம், மழை, கால்வாயில் போகும் படகு, மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் மேஜரைப் போலவே ஒரு பெண். தொன்மையான ஜப்பானிய மொழியில் ஒரு திருமணப் பாட்டைப் பெண்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள். பலர் இந்த இடத்தில்தான் வேகமாக ஓட்டிவிடுவார்கள். அவன் ரிமோட்டைத் தொடவில்லை. வெளியே எங்கள் தெருவிலும் மழை பிடித்திருந்தது.

மறுநாள் சந்தைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டான். சுருக்கத் தொகுப்பை, முழுத் தொடரையும் பார்த்து முடித்த பிறகு எடுப்பதாக அலமாரியில் வைத்தான். அமெரிக்கப் ப்ளூரேயை மட்டும் கையில் வைத்திருக்கிறான். காக்ஸ் டவுனில் இருக்கும் நண்பர் ஒருவர் ஜப்பானிலிருந்து வரும்போது ஏ மண்டலக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, 100 வோல்ட்டுக்காக ஒரு மின்மாற்றியும் வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை அங்கே போகிறோம்.